பதினெட்டு புள்ளி ஆறு

ஜூன் 10, திங்கள்

காலையில் குழாயில் தண்ணீர் வந்தது. தொட்டி நிரம்ப முக்கால் மணி நேரம் ஆனதால் லேபுக்குப் பத்து நிமிஷம் தாமதம்.

இன்று வீட்டுக்காரரை லேபுக்கு வரவைத்தாயிற்று. நான் சொன்னதற்காக வரவில்லை. நித்யா ஒரு வாரமாக பெங்களூரிலிருந்து போன் போட்டு, "அப்பாவுக்கு அம்பத்தேழு ஆச்சு, சுகர் ஒரு தடவகூடப் பாத்ததில்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மகள் சொன்னால் அவருக்குக் கேட்கும். ஏழு மணிக்கு வெறும் வயிற்றோடு, காக்கிச் சட்டையில் வந்து உட்கார்ந்தார். ஒன்பது மணிக்கு டவுன் பஸ் எடுக்க வேண்டும்.

ரத்தம் எடுக்க ரெஜினா வந்தாள். நானே எடுக்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இருபத்தாறு வருஷமாகக் கோபியில் பாதிப் பேரின் கையைப் பிடித்திருக்கிறேன். இவர் கையைக் கடைசியாக எப்போது பிடித்தேன் என்று யோசித்தேன். நினைவு வரவில்லை. நரம்பு நன்றாகத் தெரிந்தது. ஒரே குத்து.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுங்க."

அவ்வளவுதான் பேச்சு.

சர்க்கரை 96. மூன்று மாதச் சராசரியும் சரி. சிறுநீரகத்துக்குப் பார்க்கும் கிரியாட்டினினும் சரி. கார்டு டெஸ்ட் இரண்டும் போட்டேன், இரண்டும் நெகடிவ். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ரத்தத்திலிருந்து பிரித்த சீரம் மிச்சமிருந்தது, அதில் பி.எஸ்.ஏ.வும் போட்டேன். அந்த கிட் இந்த வாரத்தோடு காலாவதியாகிறது, வீணாகப் போவானேன் என்று.

18.6.

மெஷின் சிவப்பில் காட்டியது.

ஜூன் 11, செவ்வாய்

மெஷினைச் சோதிக்க, அளவு தெரிந்த கன்ட்ரோல் திரவத்தை ஓட்டிப் பார்த்தேன். இரண்டு அளவிலும் சரியாக நிற்கிறது. மெஷினில் கோளாறு இல்லை. ஃப்ரிட்ஜில் வைத்திருந்த அவர் சீரத்தைத் திரும்பப் போட்டேன். 18.2. அந்த பி.எஸ்.ஏ.வில், எதோடும் ஒட்டாமல் ரத்தத்தில் தனியாக மிதக்கும் பங்கு எவ்வளவு என்றும் பார்த்தேன். நூற்றுக்கு ஒன்பது. இருபத்தைந்துக்கு மேல் இருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருக்கலாம். பத்துக்குக் கீழே வருவதை யாரும் விரும்புவதில்லை.

பி.எஸ்.ஏ. என்பது விஷமில்லை. ஒரு புரதம், எல்லா ஆண்களுக்கும் உண்டு. புராஸ்டேட் சுரப்பி தன் வேலைக்காக அதைச் செய்கிறது. சுரப்பிக்குள் ஏதாவது கெட்டால் அது ரத்தத்தில் கசிகிறது. வயதானால் ஏறும். வீக்கம் வந்தால் ஏறும். நீர்த்தாரையில் கிருமி இருந்தால் ஏறும். வெகுதூரம் சைக்கிள் மிதித்தாலும் ஏறும். நம்பர் ஏறினாலே புற்று என்று அர்த்தமில்லை. கவுண்ட்டரில் எத்தனை பேரிடம் இதைச் சொல்லியிருப்பேன்.

பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாளில் மனைவியோடு சேர்ந்திருந்தாலும் கொஞ்சம் ஏறும். அந்தக் கேள்வியையும் கேட்கச் சொல்லிப் படிவத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டில் அது இல்லை. வேறெங்காவது உண்டா என்று எனக்குத் தெரியாது.

ஜூன் 12, புதன்

மிக்ஸி ஓடவில்லை. சட்னியை அம்மியில் அரைத்தேன்.

ஜூன் 13, வியாழன்

ரிப்போர்ட்டைக் கொடுத்தேன். பி.எஸ்.ஏ. இல்லாத தாளை.

"சுகர் இல்லையல்ல?"

"இல்லீங்க."

"அப்பறம் என்ன." நான்காக மடித்து டிபன் பைக்குள் வைத்துக்கொண்டார். அந்தப் பையை அவர் என்னிடம் கொடுப்பதில்லை. டிபன் பாத்திரத்தை மட்டும் வெளியே எடுத்து வைப்பார்.

மத்தியானம் டாக்டர் அருள்மொழி மெஷினின் பதிவைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "வசந்தாமணி, இந்தப் பதினெட்டு யாரு? பேரு இல்லையே" என்றார். லேப் அவருடையது. ஒரு நம்பரையும் சும்மா விடமாட்டார்.

"வெளியூர் ஆளுங்க மேடம். வந்து வாங்கிக்கறேன்னாங்க."

"வந்தா என்னைப் பாக்கச் சொல்லுங்க. ரிப்போர்ட்டை மட்டும் கையில குடுத்து அனுப்பிடாதீங்க."

சரி என்றேன்.

ஜூன் 17, திங்கள்

சொல்ல வேண்டும் என்று காலையில் நினைத்தேன். அவர் குளித்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்து வந்ததும் குளிக்கிறார், போகும்போதும் குளிக்கிறார். தன் துணியைத் தானே துவைத்துக்கொள்கிறார். இரண்டு வருஷமாக அப்படித்தான். அதற்கு முன்பு ஒரு கர்ச்சீப்கூட நனைத்ததில்லை.

அந்த இரண்டு வருஷத்தில் மாறியவை: சென்னை வண்டி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு டவுன் பஸ்ஸுக்கு வந்தார். படுக்கையை முன்அறைக்கு மாற்றிக்கொண்டார். "உனக்கெதுக்குத் தொந்தரவு" என்றார். கல்யாணம், காது குத்து எதற்கும் வருவதில்லை. வந்தாலும் சாப்பிட உட்காருவதற்குள் கிளம்பிவிடுகிறார்.

ஒருமுறை செங்காட்டுப்புதூரிலிருந்து ரத்தம் கொடுக்க வந்த ஓர் அம்மா, என்னை யார் என்று தெரியாமல் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். "எங்கூருக்கு வர்ற ஏழாம் நம்பர் வண்டி டிரைவரு, வண்டிய நிறுத்துனதும் செத்துப்போன கண்டக்டரூட்டுக்குள்ள போயிட்டு அஞ்சு நிமிசம் கழிச்சுத்தான் வருவாருங்க. வண்டி எப்பவும் லேட்டு."

ஏழாம் நம்பரின் டிரைவர் இவர். அந்தக் கண்டக்டரின் மனைவி பெயர் கண்ணம்மா. சாவு வீட்டுக்கு நானும் போயிருந்தேன். கண்ணம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும்.

இதை எதற்கு இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை. நம்பருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஜூன் 20, வியாழன்

இன்னொரு மாதம் கழித்துத் திரும்ப ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லலாம். கிருமியாக இருந்தால் தானாகவே இறங்கிவிடும். பல பேருக்கு இறங்கியிருக்கிறது. அவசரப்பட்டுச் சொல்லி அவரைக் கலங்கடிப்பது சரியில்லை.

ஆனால் திரும்ப எடுக்க என்ன காரணம் சொல்வது?

ஜூன் 24, திங்கள்

ஐம்பத்தொன்பது வயது ஆள் ஒருவர். பி.எஸ்.ஏ. 640. மகன் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தான். ஆறு மாதமாக முதுகுவலி என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாராம். பெஞ்சில் உட்கார முடியாமல் சுவரில் சாய்ந்தே நின்றார்.

இன்று சாம்பாரில் உப்புப் போட மறந்துவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

ஜூன் 28, வெள்ளி

சொல்லவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

இன்று அவருக்கு வார ஓய்வு. ரத்த முகாம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு மினி பஸ் ஏறிச் செங்காட்டுப்புதூர் போனேன். எதற்குப் போனேன் என்பதை நேர்மையாக எழுத வேண்டுமானால், சண்டை போடப் போனேன். நோய் என்று சொல்லப்போகும் முன் எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது.

கடைசி நிறுத்தத்தில் ஒரு புளியமரம், ஒரு பெஞ்சு. எதிரிலேயே அந்த வீடு. பக்கவாட்டுக் கொடியில் ஒரு காக்கிப் பேன்ட் காய்ந்துகொண்டிருந்தது. இடது பாக்கெட் கிழிந்து, கறுப்பு நூலில் தைத்த பேன்ட். நான் தைத்தது. எங்கே போயிற்று என்று போன மாசம் தேடினேன்.

திரும்பிப் போய்விடலாமா என்று நின்றேன். அதற்குள் கண்ணம்மா வெளியே வந்துவிட்டார்.

"அக்கா, நீங்க நாச்சிமுத்தண்ணனூட்டு அக்காதானுங்க? வாங்க வாங்க. வெய்யில்ல நிக்கறீங்களே."

உட்காரவைத்து மோர் கொண்டுவந்தார். கையில் வாங்கிக்கொண்டு குடிக்காமல் இருந்தேன். என்ன கேட்பது என்று வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தபோது அவரே கேட்டார்.

"அண்ணனுக்கு இப்ப எப்படீங்க இருக்குது?"

"எதுங்க?"

"அதானுங்க, ஒண்ணுக்குப் போற தொந்தரவு." என் முகத்தைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கியது. "உங்களுக்குத் தெரியாதுங்களா?"

தெரியாது என்று தலையாட்டினேன்.

"எங்கூட்டுக்காரர் போயி மூணு மாசம் இருக்கும். அண்ணன் ஒரு நாள் வாசல்ல வந்து நின்னாரு. தலையக் குனிஞ்சுட்டு, 'தங்கச்சி, பாத்ரூம் போயிக்கட்டுமா'ன்னு கேட்டாருங்க. எனக்கு அழுகையே வந்துருச்சு. எத்தன பெரிய மனுசன். அன்னிலிருந்து நடைக்கு நடை வருவாரு. சில நாளு வண்டி லேட்டாயிருச்சுன்னா, வர்றதுக்குள்ள..." கொடியைப் பார்த்தார். "அதுக்குன்னு ஒரு பேன்ட்டு இங்கயே வெச்சிருக்காருங்க. மாத்திட்டு அவரே அலசிப் போட்டுட்டுப் போயிருவாரு. என்னையத் தொடவே உடமாட்டாரு."

மோரைக் கீழே வைத்தேன்.

"மே மாசத்துல ரத்தமா வந்துச்சுன்னு சொன்னாருங்க. ஆசுபத்திரிக்குப் போங்கண்ணான்னேன். ஊட்டுல லேப்புல வேல பாக்கற ஆளு இருக்கறப்ப என்றகிட்டச் சொல்றீங்களேன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாருங்க?"

"'அவகிட்ட எப்படிச் சொல்றது'ன்னாரு."

திரும்பும் வழியில் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவளுக்கும் இவருக்கும் ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் மனசு லேசானது. காசிபாளையம் வரைக்கும் நான் சந்தோஷமாக இருந்தேன். இதையும் எழுதிவிடுகிறேன். சிறுநீரில் ரத்தம், 18.6, நூற்றுக்கு ஒன்பது, இவ்வளவையும் மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளை சந்தோஷமாக இருந்தாள்.

ஜூலை 3, புதன்

சொல்லிவிட்டேன். அவர் வாசலில் வண்டி துடைத்துக்கொண்டிருந்தார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுங்க."

"சொல்லு."

"அன்னிக்கு எடுத்த ரத்தத்துல இன்னொரு டெஸ்ட்டும் பாத்தனுங்க. புராஸ்டேட்டுக்கு. நாலுக்குள்ள இருக்கோணும். பதினெட்டு இருக்குதுங்க."

துணியை நிதானமாகப் பிழிந்து ஹேண்டில்பாரில் போட்டார்.

"என்னையக் கேக்காம எதுக்குப் பாத்தே?"

"கிட்டு தேதி முடியறதா இருந்துச்சுங்க. அதான்."

"எப்பப் பாத்தே?"

"எடுத்த அன்னிக்கே. பத்தாந்தேதி."

விரலை மடக்கி எண்ணினார். "இருவத்தி மூணு நாளு. இருவத்தி மூணு நாளு எனக்குச் சோத்தப் போட்டுட்டுச் சொல்லாம இருந்திருக்கறே."

"பயமா இருந்துச்சுங்க."

"யாருக்கு?"

பதில் சொல்வதற்குள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஜூலை 4, வியாழன்

சாயங்காலம் வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"செங்காட்டுப்புதூருக்குப் போயிருந்தியா?"

"போனனுங்க."

குளிக்கப் போனார். குழாய் வெகுநேரம் ஓடியது.

ஜூலை 6, சனி

காலையில் டிபன் பாத்திரத்தை வாங்கிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "எங்க போகோணும்?"

ஜூலை 8, திங்கள்

புராஸ்டேட் டாக்டருக்குக் காட்ட அச்சடித்த ரிப்போர்ட் வேண்டும். பெயர் இல்லாத நம்பரை எப்படி அச்சடிப்பது? டாக்டர் அருள்மொழியிடம் போய், அந்தப் பதினெட்டு என் வீட்டுக்காரருடையது என்றேன். அவரைக் கேட்காமல் போட்டதையும் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கார்டு டெஸ்ட்டையும் சொன்னேன்.

கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"எச்.ஐ.வி. போட்டீங்களா? அவருக்குத் தெரியாம?"

"அதும் வி.டி.ஆர்.எல்.லும் மேடம்." இரண்டும் உடலுறவில் தொற்றும் நோய்களுக்கானவை.

"இருபத்தாறு வருஷ சர்வீஸ் உங்களுக்கு. எழுதி வாங்காம அதைப் போடக்கூடாதுன்னு புதுசா வர்ற பொண்ணுங்களுக்கு நீங்கதான் சொல்லிக் குடுக்கறீங்க. உங்க வீட்டுக்காரர்ங்கறதால அது சின்னத் தப்பாயிடாது."

நின்றுகொண்டே இருந்தேன். அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"வேலையை விட்டு அனுப்பல. ஆனா மெஷின் பக்கம் வராதீங்க. கலெக்‌ஷன்ல உக்காருங்க. நான் சொல்ற வரைக்கும்." பிறகு, "ஈரோட்ல டாக்டர் இஸ்மாயிலுக்கு லெட்டர் தரேன். இந்த வாரமே போங்க" என்றார்.

ரெஜினா மெஷினுக்குப் போனாள், நான் ரத்தம் எடுக்கும் நாற்காலிக்கு வந்தேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

ஜூலை 11, வியாழன்

டாக்டர் இஸ்மாயிலுக்கு நாற்பது வயதுதான் இருக்கும். இவரிடம் மட்டும் பேசினார், என்னைப் பார்க்கவில்லை. ராத்திரியில் எத்தனை முறை எழுந்திருக்கிறார், நீர் முழுசாகப் போகிறதா, எரிகிறதா. இவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு வார்த்தையில் பதில் சொன்னார். ஆறேழு. இல்லை. எப்போதாவது. இரண்டு வருஷமாக என் வீட்டில் நடந்ததை அந்த மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து இன்றுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

"இந்த நம்பரை மட்டும் வெச்சு நான் எதுவும் சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டர். "கிருமி இருக்கான்னு பாத்துருவோம். ஸ்கேன் எடுப்போம். தேவைப்பட்டா சதை எடுத்துப் பாப்போம். அதுவரைக்கும் நீங்களா எதையும் முடிவு பண்ணிக்காதீங்க."

கையால் தொட்டுப் பரிசோதிக்க வேண்டும் என்று என்னை வெளியே போகச் சொன்னார். திரும்பக் கூப்பிட்டபோது இவர் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றிருந்தார்.

ஜூலை 16, செவ்வாய்

கிருமி இல்லை. இருந்தால் நன்றாக இருக்குமே என்று சாமியிடம் வேண்டிக்கொண்டது இதுதான் முதல்முறை.

எம்.ஆர்.ஐ.யில் இடது பக்கம் ஒரு கட்டி தெரிகிறது. சதை எடுக்க அடுத்த வெள்ளிக்கிழமை.

ஜூலை 26, வெள்ளி

பன்னிரண்டு துண்டு எடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் சிறுநீரில் ரத்தம். இரண்டு நாள் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அவர் பாத்ரூம் கதவைத் திறந்து, "வந்து பாரு, இது சரிதானா" என்று கூப்பிட்டார்.

போய்ப் பார்த்தேன். "சரிதானுங்க, நாளைக்குக் கம்மியாயிரும்" என்றேன்.

ஆகுமா என்று எனக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. தெருவே கொடிவேரிக்குக் கிளம்பிப் போயிற்று. பயாப்சி ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு நாங்கள் ஈரோட்டில் உட்கார்ந்திருந்தோம். பன்னிரண்டில் ஏழு துண்டில் புற்று இருக்கிறது. அதன் வீரியத்தைக் காட்டும் கிளீசன் எண் நாலும் மூணும், ஏழு.

"நடுத்தரத்துக்குக் கொஞ்சம் மேல" என்றார் டாக்டர். "எலும்புக்குப் போயிருக்கான்னு தெரியணும். போகலைன்னா குணப்படுத்தறதுக்கே பாக்கலாம். போயிருந்தா கட்டுப்படுத்தற வழிதான்."

இவர் கேட்டது ஒன்றுதான். "வண்டி ஓட்டலாமுங்களா?"

நித்யாவிடம் சொன்னேன். அடுத்து என்ன டெஸ்ட் என்று கேட்டாள். அப்புறம், "அம்மா, நான் சுகர் பாக்கச் சொல்லித்தான இது தெரிஞ்சுது?" என்றாள். ஆமாம் கண்ணு என்றேன்.

ஆகஸ்ட் 7, புதன்

எலும்பு ஸ்கேன், கோயம்புத்தூரில். ஊசி போட்டுவிட்டு மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், அடிக்கடி நீர் கழிக்க வேண்டும். கதிரியக்க மருந்து அவர் உடம்பில் இருப்பதால் நடுவில் ஒரு நாற்காலி விட்டு உட்காரச் சொன்னார்கள்.

"இங்க வந்துதான் இத்தன தடவ போறதுக்கு யாரும் ஒண்ணும் சொல்லல" என்றார்.

சிரிக்கிறாரா என்று பார்த்தேன். இல்லை. இரண்டாவது பாட்டில் தண்ணீர் பாதி முடிந்திருந்தது. சுவரில் டி.வி. சத்தமில்லாமல் ஓடியது.

"கிட்டு தேதி முடியறதுன்னு சொன்னியே. அது நெசமா?"

"நெசந்தானுங்க."

"அதுக்காக மட்டுமா பாத்தே?"

ஒரு நாற்காலி இடைவெளியில் அவர் கை இருந்தது. ஊசி போட்ட இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. சொன்னேன். டிபன் பையைக் கொடுக்காதது, தனியாகத் துவைத்தது, முன்அறைக்குப் போனது, செங்காட்டுப்புதூர் அம்மா சொன்னது. அன்று முதலில் போட்ட கார்டு டெஸ்ட் இரண்டும் என்னென்ன என்று. பி.எஸ்.ஏ. கடைசியாகத்தான், மிச்சமிருந்த சீரத்தில் போட்டது என்று. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னேன். ஆனாலும் எதிரில் இருந்த பெண் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டாள்.

அவர் எழுந்து பாத்ரூமுக்குப் போனார். பத்து நிமிஷம். பதினைந்து நிமிஷம். படியிறங்கிப் போய்விட்டார் என்றே நினைத்தேன். நர்ஸ் வந்து, "நாச்சிமுத்து எங்க?" என்று கேட்டபோது பாத்ரூம் பக்கம் கையைக் காட்டினேன்.

வந்தார். முகம் கழுவியிருந்தார். அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நெகடிவ்வா?"

"ஆமாங்க."

"அது எனக்கே தெரியும்."

தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே, "என்னையக் கேட்டிருக்கலாம்" என்றார்.

"நீங்க சொல்லியிருக்கலாமுங்க."

"என்னத்தைச் சொல்றது? பேன்ட்டுலயே போயிர்றேன்னா? சென்னை வண்டியில நாப்பது பேரு தூங்கிட்டு வர்றப்ப, மூணு தடவ ரோட்டோரம் நிறுத்துனேன். நாலாவது தடவ நிறுத்த வெக்கப்பட்டுட்டு..." நிறுத்திக்கொண்டார். "உன்றகிட்டச் சொன்னா நீ நோயாளியப் பாக்கற மாதிரிப் பாப்பே. அதான்."

பேர் கூப்பிட்டார்கள். தண்ணீர் பாட்டிலை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

நாற்பது நிமிஷம் நான் அந்த பாட்டிலைக் கீழே வைக்கவில்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

வலது விலாவில் ஒரு புள்ளி. ஆறாவது எலும்பு. "இதுதான் கொஞ்சம் இடிக்குது" என்றார் டாக்டர் இஸ்மாயில். "அடி ஏதாவது பட்டுச்சா?"

ஐந்து வருஷத்துக்கு முன் டிப்போவில் படிக்கட்டில் வழுக்கி விழுந்ததைச் சொன்னார். பழைய முறிவாக இருக்கலாம், அதுவாக இல்லாமலும் இருக்கலாம் என்று சி.டி. எழுதிக் கொடுத்தார். சனிக்கிழமை தெரியும்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

பதினேழு பேருக்கு ரத்தம் எடுத்தேன். இரண்டு பேருக்கு நரம்பு கிடைக்காமல் திரும்பக் குத்த வேண்டியதாயிற்று. எனக்கு அப்படி ஆனதே இல்லை. ஒரு தாத்தா, "உங்களுக்குக் காய்ச்சலாம்மா?" என்று கேட்டார்.

வீட்டில் அவர் விலாவை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொள்கிறார். நான் பார்ப்பது தெரிந்தால் கையை எடுத்துவிடுகிறார்.

ஆகஸ்ட் 10, சனி

பழைய முறிவுதான். எலும்பில் இல்லை.

படி இறங்கும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. பாதியில் நின்று என் தோளில் கை வைத்தார். ஆட்கள் விலகிப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு நிமிஷம் அப்படியே நின்றோம்.

ஆகஸ்ட் 14, புதன்

முதல் ஹார்மோன் ஊசி. மூன்று மாதத்துக்கு ஒன்று, இரண்டு வருஷம். நவம்பர் கடைசியில் கதிர்வீச்சு தொடங்கும். உடம்பு சூடாகும், வியர்க்கும், எடை போடும், ஆசை போய்விடும் என்று டாக்டர் விரல் விட்டுச் சொன்னார். கடைசியைச் சொல்லும்போது இவர் என்னைப் பார்த்தார். நான் மருந்துச் சீட்டைப் பார்த்தேன்.

வண்டி ஓட்டுவதை நிறுத்திவைத்திருக்கிறார்கள். டிப்போவில் நேரம் குறிக்கும் வேலை. பக்கத்திலேயே பாத்ரூம் இருக்கிறது என்றார்.

செப்டம்பர் 22, ஞாயிறு

திடீர் திடீரென்று வியர்த்து நனைகிறார். பேசிக்கொண்டிருக்கும்போதே முகம் சிவந்து போகிறது. "உனக்கும் அஞ்சாறு வருசம் முன்ன இப்படித்தான இருந்துச்சு?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப நான் ஃபேனைக் கம்மி பண்ணு குளுருதுன்னு சத்தம் போட்டிருக்கேன்" என்றார்.

அவருக்கு அது ஞாபகம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

நவம்பர் 8, வெள்ளி

மூன்று மாத ரத்தம். டாக்டர் அருள்மொழி முன்பே சொல்லிவிட்டார்: எடுப்பது ரெஜினா, மெஷினில் போடுவது ரெஜினா, பார்ப்பது அவர். நான் பக்கத்தில் நிற்கக்கூடாது. நான் சீரம் குழாய்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒரே பெயரை இரண்டு குழாயில் ஒட்டிவிட்டு உரித்தெடுத்தேன்.

பதினொன்றரைக்கு டாக்டர் வெளியே வந்தார். "புள்ளி ஒன்பது."

"ஒன்பதுங்களா?"

"பூஜ்யம் புள்ளி ஒன்பது, வசந்தாமணி."

அவருக்குப் போன் செய்தேன். அந்தப் பக்கம் பஸ் ஹார்ன் கேட்டது. நம்பரைச் சொன்னேன். "சரி" என்றார். பிறகு, "அப்ப போயிருச்சா?" என்றார்.

போகவில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. ஊசி அதைப் பட்டினி போட்டிருக்கிறது, அதனால் நம்பர் இறங்கியிருக்கிறது. கதிர்வீச்சு முடிந்து, ஊசியையும் நிறுத்திய பிறகு ஏறாமல் இருந்தால்தான் நிம்மதி. அதுவரை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இப்படித்தான்.

"சரி, மூணு மாசத்துக்கு மூணு மாசம்" என்றார்.

நவம்பர் 17, ஞாயிறு

காலை பத்து மணிக்கு டிப்போவிலிருந்து சின்னராசு வந்தார். சத்தி வண்டி டிரைவர், ஐம்பத்து மூன்று வயது. கதிர்வீச்சுக்குப் போகும் முன் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்ததாகச் சொன்னார். காபி குடித்தார். மழையைப் பற்றிப் பேசினார். எழுந்தார், திரும்ப உட்கார்ந்தார். நான் உள்ளே போகட்டும் என்று காத்திருப்பது தெரிந்தது. எழுந்தேன்.

"அவ இருக்கட்டும்" என்றார் இவர். பிறகு அவரிடம், "ஒரு நாளைக்கு எத்தன தடவ போறே?" என்றார்.

சின்னராசு காபி டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தார். "அதெல்லாம் இல்லீங்கண்ணா."

"நான் ரெண்டு வருசம் அதெல்லாம் இல்லைன்னுதான் சொன்னேன். எத்தன தடவ?"

"பத்து... பன்னெண்டு இருக்குமுங்கண்ணா." தலையைத் தூக்கவில்லை. "கொடிவேரி தாண்டுனா ஒரு தடவ நிறுத்த வேண்டியிருக்குது. பொம்பளைங்க இருக்காங்க வண்டியில."

"ரத்தம் வருதா?"

"இல்லீங்க."

"ஊட்டுல சொன்னியா?"

சின்னராசு டம்ளரைக் கீழே வைத்தார்.

"நாளைக்குக் காத்தால லேபுக்குப் போ. அங்க இவ இருப்பா." என் பக்கம் கையைக் காட்டினார். "அப்படியே உன்ற ஊட்டுக்காரியயும் கூட்டிட்டுப் போ."

சின்னராசு முதல்முறையாக என்னைப் பார்த்தார். "தண்ணி குடிச்சுட்டு வரலாமுங்க" என்று மட்டும் சொன்னேன்.

நவம்பர் 18, திங்கள்

ஏழே காலுக்கு இருவரும் வந்தார்கள். அந்தப் பெண் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். சின்னராசு சட்டைக் கையை மடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"கொஞ்சம் கண்ணத் தொறங்க" என்றேன். படிவத்தை இருவருக்கும் தெரியும்படி வைத்தேன். சர்க்கரை, கிரியாட்டினின், பி.எஸ்.ஏ. ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்து, அது எதற்கு, என்ன சொல்லும், எதைச் சொல்லாது என்று சொன்னேன். நம்பர் ஏறியிருந்தாலும் அதுவே முடிவில்லை என்றேன். வேண்டாம் என்றால் எந்த ஒன்றையும் அடித்துவிடலாம் என்றேன். பின்னால் வரிசையில் ஆறு பேர் நின்றிருந்தார்கள். ரெஜினா எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

சின்னராசு தன் மனைவியைப் பார்த்தார். அவள் பி.எஸ்.ஏ. என்று எழுதியிருந்த இடத்தைத் தொட்டு, "இது கட்டாயம் பாக்கோணுங்களா?" என்று என்னிடம் கேட்டாள்.

"பாக்கறது நல்லதுங்க. ஆனா அவரு சொல்லோணும்."

சின்னராசு பேனாவைக் கேட்டார். கையெழுத்துப் போட்டார். அதன் பிறகுதான் ரப்பர் பட்டையை இழுத்து அவர் கையில் கட்டினேன்.